"இந்த 200 நீ அளந்ததா?"

திரவச் சமநிலை, எலக்ட்ரோலைட் (ரத்தத்திலுள்ள உப்புகள்), அமில-காரச் சமநிலை மூன்றையும் நர்சிங் படிப்பில் நான் மனப்பாடம் செய்துதான் பாஸ் ஆனேன். ரத்தத்தின் அமில-கார நிலையைக் காட்டும் பிஹெச் 7.35 முதல் 7.45, அமிலத்தை அடக்கும் பைகார்பனேட் 22 முதல் 26, பொட்டாசியம் 3.5 முதல் 5. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அதெல்லாம் என்னவென்று கண்ணால் பார்த்தது, வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் மெடிக்கல் வார்டில் ஒரு நைட் ட்யூட்டியில்தான்.

19 வயதுப் பெண், சர்க்கரை நோயாளி. நான்கு நாளாக இன்சுலின் போடவில்லை. வாந்தி, வயிற்றுவலி. மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் விடாமல் வாங்கியது. வீசிங் என்று நினைத்துத் தலைமாட்டை உயர்த்தி ஆக்சிஜன் வைத்தேன். ரத்தத்தில் ஆக்சிஜன் சாச்சுரேஷன் ஏற்கெனவே 99 சதவீதம். மூத்த சிஸ்டர் அவள் முகத்தருகே குனிந்தார்.

"பழ வாடை வருது பாரு. நெஞ்சுல ஒண்ணும் இல்லம்மா. ரத்தத்துல ஏறின அமிலத்தை மூச்சு வழியா தள்ளிட்டிருக்கா."

இன்சுலின் இல்லாமல் ரத்தத்தில் அமிலம் சேர்வதுதான் டயபெட்டிக் கீட்டோஅசிடோசிஸ். குஸ்மால் மூச்சு என்று பரீட்சையில் பத்தி பத்தியாக எழுதியது இதைத்தான். ஏபிஜி (ரத்த வாயுப் பரிசோதனை) வந்தது: பிஹெச் 7.14, பைகார்பனேட் 6, கார்பன் டை ஆக்சைடு 18. அமிலத்தை அடக்கவே பைகார்பனேட் செலவாகிவிட்டதால், கார்பன் டை ஆக்சைடை ஊதித் தள்ளித்தான் உடம்பு சமாளித்துக்கொண்டிருந்தது.

நார்மல் சலைனைத் திறந்துவிட்டதும் அம்மா பதறினார். "சுகர் இருக்கிற பிள்ளைக்கு குளுக்கோஸ் ஏத்துறீங்களே!" நம்மூரில் எந்த பாட்டில் தொங்கினாலும் அது குளுக்கோஸ்தான். இது வெறும் உப்புத் தண்ணீர் என்று சமாதானம் சொன்னேன். விடியற்காலையில் சர்க்கரை 250-க்குக் கீழே இறங்கியதும் நிஜமாகவே டெக்ஸ்ட்ரோஸ், அதாவது குளுக்கோஸ், மாட்ட வேண்டி வந்தது, அது வேறு கதை. அமிலம் அடங்கும்வரை இன்சுலினை நிறுத்தக் கூடாதே, அதற்குள் சர்க்கரை ரொம்ப இறங்கிவிடவும் கூடாதே.

மாணவிகள் அதிகம் குழம்புவது பொட்டாசியத்தில்தான். வந்தபோது அவளுக்கு 5.4. கூடுதல் என்றுதான் தோன்றும். ஆனால் உடம்பின் கையிருப்பு சிறுநீரிலும் வாந்தியிலும் போய்க்கொண்டிருக்கும்; செல்லுக்குள் இருக்க வேண்டியது வெளியே வந்து ரத்தத்தில் நிற்பதால்தான் அந்த 5.4. இன்சுலின் ஏற ஏற அது உள்ளே திரும்பும், ரத்தத்தில் மளமளவென்று இறங்கும். விட்டால் இதயத் துடிப்பே தடுமாறும். நான்கு மணி நேரத்தில் 4.1 ஆகிவிட்டது.

ட்யூட்டி டாக்டர் போனில் கேட்டார், "யூரின் எவ்வளவு போயிருக்கு?"

"200, சார்."

500 மில்லி சலைனில் ஒரு ஆம்பியூல் பொட்டாசியம் குளோரைடு போடச் சொன்னார். நேராக நரம்பில் போட்டால் ஆளையே கொல்லும் மருந்து; கலந்த பிறகும் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்து நன்றாகக் குலுக்காவிட்டால் அடியிலேயே தங்கி முதலில் இறங்கிவிடும். நான் ஆம்பியூலை உடைக்கப் போகும்போது சிஸ்டர், உள்ளே போன திரவத்தையும் வெளியே வந்ததையும் எழுதும் இன்டேக்-அவுட்புட் சார்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த 200 நீ அளந்ததா?"

இல்லை. பெட்பேனை அம்மாவே கொட்டிவிட்டிருந்தார். "போச்சும்மா" என்றார், நான் 200 என்று எழுதிவிட்டேன். சிறுநீரகம் வேலை செய்கிறதா என்று தெரியாமல் பொட்டாசியம் கொடுத்தால் அது வெளியேற வழியிருக்காது. சிஸ்டர் திட்டவில்லை. ஆம்பியூலை என் கையிலிருந்து வாங்கி ட்ரேயில் வைத்துவிட்டு டாக்டருக்கு அவரே போன் செய்தார். எனக்குத் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

அரை மணி நேரம் காத்திருந்தோம். அளவு ஜாடியில் 350 வந்தது. என் ஊகத்தைவிட நல்ல கணக்குதான். ஆனால் 30 ஆகவும் இருந்திருக்கலாம். அதன் பிறகுதான் பொட்டாசியம் ஏற்றினோம்.

காலையில் ட்யூட்டி ஒப்படைக்கும் நேரம். அம்மா பெட்பேனை மூடி போட்டுக் கட்டிலுக்கடியில் வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார்.

"சிஸ்டர், வந்து அளந்துக்கோங்க. நான் தொடவே இல்ல."