பாட்டன் பெயர் கேட்கும் கட்டம்

வீட்டு டிரங்குப் பெட்டியில் பழைய பிறப்பு அத்தாட்சிப்பத்திரம் ஒன்று இருந்தால் எடுத்து விரித்துப் பாருங்கள். பிள்ளையின் பெயர், தகப்பனின் விவரம், தாயின் விவரம், பெற்றோர் விவாகம் செய்தவர்களா என்ற கேள்வி. அதற்குக் கீழே இரண்டு கட்டங்கள் இருக்கும். பாட்டன் இலங்கையில் பிறந்திருந்தால் அவருடைய பெயர், பிறந்த வருடம், பிறந்த இடம் என்று ஒன்று. தகப்பன் இங்கே பிறக்காமல் பூட்டன் இங்கே பிறந்திருந்தால் அவருடைய விவரம் என்று மற்றொன்று. மலையகத்து வீடுகளில் உள்ள பத்திரங்கள் பலவற்றில் இந்த இரண்டு கட்டங்களிலும் ஒரு சின்னக் கோடு மட்டும்தான் இழுத்திருப்பார்கள். அம்மாவைப் பெற்றவர்கள் எங்கே பிறந்தார்கள் என்று கேட்கக் கட்டமே கிடையாது.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அந்தக் கட்டங்களில்தான் உட்கார்ந்திருக்கிறது. அந்த வருடம் நவம்பர் 15 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் இலங்கையில் பிறந்தவர் வம்சாவளிப் பிரஜையாக வேண்டுமென்றால் தகப்பன் இங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லையேல் தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். அதற்குப் பின் பிறந்த பிள்ளைக்கு, பிறக்கும் நேரத்தில் தகப்பன் பிரஜையாக இருக்க வேண்டும். தோட்டத்து வரிசை வீடான லயத்துக் காம்பராவில் தலைமுறையாகப் பிறந்தவர்களிடம் பாட்டன் பிறந்ததற்கு எழுத்தில் என்ன ஆதாரம் இருந்திருக்கும்? ஏறத்தாழ ஏழு லட்சம் மலையகத் தமிழர் நாடற்றவர்களான கதையை நாம் இன அநீதி என்று பேசுகிறோம். அது சரிதான். ஆனால் அந்தச் சட்டத்தின் முதுகெலும்பு தகப்பன் வழி என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை. தாயும் தாய்வழியும் கணக்கில் எடுக்கப்பட்டிருந்தால், அம்மாச்சி இங்கே பிறந்தவள் என்று காட்டக்கூடிய குடும்பங்களுக்காவது ஒரு வாசல் திறந்திருக்கும்.

வம்சாவளிப் பிரஜாவுரிமையில் தாய்க்கு அந்தச் சட்டம் இடம் கொடுத்தது ஒரே ஓர் இடத்தில்தான். திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்கு, தகப்பன் என்று சட்டம் சொல்லும் இடத்திலெல்லாம் தாய் என்று வாசிக்க வேண்டும் என்றது. ஆகவே பிரஜையான ஒரு பெண், திருமணமாகாதவளாக இருந்தால் தன் பிள்ளைக்குப் பிரஜாவுரிமையைக் கொடுக்க முடிந்தது. நாடற்ற ஒருவரையோ இந்தியக் கடவுச்சீட்டுக்காரரையோ முறைப்படி மணந்திருந்தால் கொடுக்க முடியவில்லை. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்துகொண்ட சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 இந்திய வம்சாவளியினரை எண்ணிக்கையாகப் பிரித்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1974இல் அந்த மீதியையும் இரண்டு நாடுகளும் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொண்டன. மனைவி இலங்கைக் கணக்கிலும் புருஷன் இந்தியக் கணக்கிலும் விழுந்த குடும்பத்தில், பிறகு பிறந்த பிள்ளை புருஷன் பக்கமே போனது. 1984இல் இந்தியாவுக்குப் போகும் தலைமன்னார் கப்பலும் நின்றது. இந்தியக் கடவுச்சீட்டு கையில் இருந்தும் போக முடியாமல் தோட்டத்திலேயே இருந்தவர்களின் பிள்ளைகள் எந்த நாட்டுக்கும் சேராமல் வளர்ந்தார்கள்.

2003இல் இரண்டு சட்டங்கள் வந்தன. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால் பிரதேச செயலகத்தில் தவறான படிவத்தோடு நிற்பவர்கள் நிறையப் பேர். 35ஆம் இலக்கச் சட்டம் இந்திய வம்சாவளியினருக்கானது. 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்தவர்களுக்கும் அவர்களுடைய சந்ததியினருக்கும் பிரஜாவுரிமை கொடுத்தது. 16ஆம் இலக்கச் சட்டம் எல்லா இனத்தவருக்கும் பொதுவானது. தகப்பன் என்று இருந்த இடத்தில் பெற்றோரில் எவரேனும் ஒருவர் என்று மாற்றியது. பெண்களுக்கெதிரான பாரபட்சங்களை ஒழிக்கும் ஐ.நா. சமவாயத்தில் இலங்கை 1981இலேயே இணைந்துவிட்டது. பிள்ளையின் பிரஜாவுரிமை விடயத்தில் ஆணுக்குள்ள அதே உரிமை பெண்ணுக்கும் உண்டு என்று அதன் 9ஆம் உறுப்புரை சொல்கிறது. நம் சட்டம் அதற்கு இணங்க இன்னும் 22 வருடங்கள் ஆயின.

இன்றைய நிலை இதுதான்: இலங்கையில் பிறக்கும் பிள்ளையின் தாய், பிள்ளை பிறக்கும் நேரத்தில் இலங்கைப் பிரஜையாக இருந்தால் பிள்ளையும் பிரஜை. தகப்பன் இந்தியரா, நாடற்றவரா, யாரென்றே எழுதப்படாதவரா என்பது பொருட்டில்லை. இதற்கென்று தனியாக விண்ணப்பம் போடவும் தேவையில்லை. தேவைப்படுவது ஆதாரம். அந்த ஆதாரம் பிறப்புப் பதிவு. சிக்கல்கள் அங்கேதான் தொடங்குகின்றன.

பிறப்பை 42 நாட்களுக்குள் பதிய வேண்டும். பலர் தவறவிடும் விடயம், பதிவு நடப்பது பிள்ளை பிறந்த இடத்துப் பதிவாளரிடம் என்பது. குடியிருக்கும் இடத்துப் பதிவாளரிடம் அல்ல. மஸ்கெலியாவில் இருக்கும் பெண்ணைப் பிரசவத்துக்கு டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள். அங்கே சிக்கலென்றால் நாவலப்பிட்டிக்கோ கண்டிக்கோ அனுப்புவார்கள். அது வேறு மாவட்டம். பிள்ளையோடு வீடு திரும்பிய பிறகு மறுபடி அவ்வளவு தூரம் போய்வர ஒரு நாள் சம்பளமும் பஸ் காசும் போகும். அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுகிறார்கள். ஆகையால் டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பும் முன்பே, ஆஸ்பத்திரியில் தரும் பிறப்பு அறிக்கையைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். பதிவாளர் எங்கே, எந்த நாட்களில் இருப்பார் என்று அங்கேயே கேளுங்கள். முடிந்தால் பதிந்துவிட்டே புறப்படுங்கள். பெயர் வைக்கவில்லை என்று காத்திருக்க வேண்டாம். பெயரில்லாமலும் பிறப்பைப் பதியலாம், பெயரைப் பிறகு சேர்க்கலாம். லயத்திலேயே பிரசவமானால் தோட்டத்து ஆபிசுக்கு உடனே அறிவித்து, துரையின் (தோட்ட முகாமையாளரின்) அறிக்கை பதிவாளருக்குப் போவதை உறுதிப்படுத்துங்கள்.

மூன்று மாதம் தாண்டினால் அது காலங்கடந்த பதிவு. பிரதேச செயலகத்தில் உள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் போக வேண்டும். தேடிப் பார்த்துப் பதிவு இல்லை என்ற முடிவு, சத்தியக் கடதாசி, கிளினிக் அட்டை, பிள்ளையின் சுகாதார விருத்திப் பதிவேடு, பெற்றோரின் பிறப்பு, விவாகப் பத்திரங்கள், கூடப் பிறந்தவர்களின் பத்திரங்கள், ஞானஸ்நானச் சான்றிதழ் அல்லது ஜாதகம் என்று கையில் இருப்பதையெல்லாம் சேர்க்க வேண்டியிருக்கும். பெரியவர்களான பிறகு சிலர் இந்த அலைச்சலைத் தவிர்க்க உத்தேச வயதுச் சான்றிதழ் ஒன்றை எடுத்து அத்தோடு நின்றுவிடுகிறார்கள். அது வயதை மட்டும்தான் காட்டும். தாய் யார் என்பதை நிறுவாது. தாய் வழியாகப் பிரஜாவுரிமை காட்ட வேண்டிய பிள்ளைக்கு அது போதாது.

பெற்றோர் திருமணப் பதிவு செய்யாதவர்களாக இருந்தால் என்ன செய்வது? கோயிலில் தாலி கட்டி இருபது வருடம் வாழ்ந்தும் பதிவு செய்யாத குடும்பங்கள் தோட்டங்களில் இன்னும் உண்டு. இந்த நிலையில் தகப்பனின் பெயரை எழுத வேண்டுமென்றால் தாயும் தகப்பனும் சேர்ந்து கேட்டு, இருவரும் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். தகப்பன் வரவில்லையென்றால், தகப்பன் பகுதியை வெறுமையாக விட்டுப் பதியலாம். பதிய வேண்டும். அது அவமானம் என்றோ, பிள்ளைக்குப் பிரஜாவுரிமை கிடைக்காது என்றோ சொல்லி, வேறொரு ஆணின் பெயரைப் போடச் சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். தாத்தாவையே தகப்பனாகவும் அம்மாச்சியையே தாயாகவும் எழுதிய பத்திரங்கள்கூட உண்டு. இது பிள்ளைக்குச் செய்யும் பெரிய கெடுதல். தாயின் பெயர் சரியாக இருப்பதுதான் அந்தப் பிள்ளையின் பிரஜாவுரிமைக்கு வேர். அதை மாற்றி எழுதினால் பின்னால் நீதிமன்றம் வரை போக வேண்டிவரும். பெற்றோர் பிற்காலத்தில் பதிவுத் திருமணம் செய்தால், அதைக் காட்டிப் பிள்ளையின் பதிவை மாற்றிக்கொள்ளலாம்.

தாய்க்குப் பதினெட்டு ஆகவில்லையென்றால் பயம் இன்னும் கூடுகிறது. பொதுத் திருமணச் சட்டத்தின்படி பதினெட்டுக்குக் கீழ் திருமணத்தைப் பதிய முடியாது. பொலிஸ் வரும் என்று பிள்ளையின் பிறப்பையே மறைக்கிறார்கள். தாயின் வயதோ திருமணமின்மையோ பிறப்புப் பதிவுக்குத் தடையல்ல. அந்தச் சிறுமிக்கு நேர்ந்தது தனியாகப் பார்க்க வேண்டிய விடயம், அதற்காகப் பிள்ளை பத்திரமில்லாமல் வளரக் கூடாது.

தகப்பன் இலங்கையர், தாய் இந்தியப் பிரஜை என்று இருந்தால் கணக்கு திரும்பிவிடும். அப்போது தகப்பனின் பெயர் பதிவில் கட்டாயம் ஏற வேண்டும். இருவரும் கையெழுத்திடாமல் விட்டுவிட்டால் பிள்ளை சிக்கிக்கொள்ளும்.

இப்போது வெளிநாட்டுக்கு வருவோம். தோட்டங்களிலிருந்து வீட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்காக இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்கும் தாய் வழியாகப் பிரஜாவுரிமை உண்டு. ஆனால் தானாக வராது. பிறந்து ஒரு வருடத்துக்குள் அந்த நாட்டிலுள்ள இலங்கைத் தூதரகத்திலோ, இங்கே குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்திலோ பதிய வேண்டும். வருடம் தாண்டினால் தகுந்த காரணம் காட்டி அமைச்சரிடம் கால நீடிப்புப் பெற வேண்டும். பெண் தன் பிரஜாவுரிமையைப் பிள்ளைக்குக் கொடுப்பதில் ஆணுக்குச் சமமான உரிமை இல்லாத நாடுகள் உலகில் இன்னும் 20க்கு மேல் உண்டு. குவைத், கத்தார், சவூதி அரேபியா, ஓமான், பஹ்ரைன், ஐக்கிய அரபு அமீரகம், ஜோர்தான், லெபனான் எல்லாம் அந்தப் பட்டியலில் வருகின்றன. நம் பெண்கள் அதிகம் போவதும் இந்த நாடுகளுக்குத்தான். அங்கே பிறந்த பிள்ளைக்குத் தகப்பனின் பெயர் சட்டப்படி நிறுவப்படாவிட்டால் அந்த நாடு பிரஜாவுரிமை தராது. அந்தப் பிள்ளைக்கு எஞ்சியிருப்பது தாயின் இலங்கைப் பிரஜாவுரிமை ஒன்றுதான்.

திருமணமாகாமல் பிள்ளை பெற்றால் சிறை என்ற பயத்தில் சிலர் ஆஸ்பத்திரிக்கே போவதில்லை. அப்படிப் பிறந்த பிள்ளைக்குக் கையில் ஒரு துண்டுக் கடதாசிகூட இருக்காது. ஆஸ்பத்திரியில் பிறந்திருந்தால் அங்கே தரும் பிறப்பு அறிவித்தலை எப்படியாவது பத்திரப்படுத்த வேண்டும். தாயின் கடவுச்சீட்டில் உள்ள பெயரும் அந்த அறிவித்தலில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வயதைக் கூட்டி எடுத்த கடவுச்சீட்டிலோ வேறொருத்தியின் பெயரிலோ போயிருந்தால், பிள்ளையின் பத்திரத்தில் ஏறுவதும் அந்தப் பொய் விவரம்தான். ஊருக்கு வந்த பிறகு இவள்தான் தாய் என்று நிரூபிக்க முடியாமல் போவது இதனால்தான். ஏஜென்ட் சொல்லும் சின்னப் பொய் இவ்வளவு தூரம் வரும்.

வெளிநாட்டுப் பிறப்புப் பத்திரம் மட்டும் இங்கே அடையாள அட்டைக்குப் போதாது. பிரஜாவுரிமைச் சான்றிதழும் கேட்பார்கள். தமிழ்நாட்டு அகதி முகாம்களில் பிறந்து பெற்றோரோடு திரும்பிவரும் பிள்ளைகளுக்கும் இதே வழிதான். இந்தியாவில் 1987 ஜூலை 1க்குப் பின் பிறந்தவருக்கு அந்த மண்ணில் பிறந்ததால் மட்டும் இந்தியக் குடியுரிமை வராது என்பதால், சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிந்துகொண்டு வருவது நல்லது.

பிரச்சினை வெளியே தெரிவது பெரும்பாலும் பதினைந்து வயதில். சாதாரண தரப் பரீட்சைக்கு அடையாள அட்டை வேண்டும் என்று பாடசாலையில் படிவம் தருவார்கள். அப்போதுதான் தாயின் பெயர் பிள்ளையின் பத்திரத்தில் லெட்சுமி, அவளுடைய சொந்தப் பத்திரத்தில் லட்சுமி, அடையாள அட்டையில் சிங்கள எழுத்தில் வேறொன்று, தோட்டத்துச் செக்ரோலில் (சம்பளப் பதிவேட்டில்) வீட்டுப் பெயர் என்று நான்கு விதமாக இருப்பது தெரியவரும். எழுத்து வித்தியாசம்தானே என்று தோன்றும். தாய் வழியாக மட்டும் பிரஜாவுரிமை காட்டும் பிள்ளைக்கு அந்த ஓர் எழுத்தே இருவரையும் பிரித்துவிடும். ஒருவரே இந்தப் பெயர்களால் அழைக்கப்படுபவர் என்று சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடிப்பது தற்காலிகத்துக்கு உதவும். பதிவேட்டிலேயே திருத்திக்கொள்வதுதான் நிலைக்கும். பிள்ளை எட்டாம் வகுப்பில் இருக்கும்போதே பத்திரங்களை ஒன்றாக வைத்துப் பார்த்துவிடுங்கள். திருத்தம் முடிய மாதக்கணக்கில் ஆகும்.

சட்டத்திலும் ஓர் ஓட்டை பாக்கி இருக்கிறது. பெற்றோர் யாரென்றே தெரியாமல் கைவிடப்பட்ட சிசு இலங்கைப் பிரஜையாகக் கருதப்படும் என்று பிரஜாவுரிமைச் சட்டத்தின் 7ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் இங்கே பிறந்து, பெற்றோர் இருவருமே நாடற்றவர்களாகவோ தங்கள் நாட்டுப் பிரஜாவுரிமையைக் கொடுக்க முடியாதவர்களாகவோ இருக்கும் பிள்ளைக்குச் சட்டத்தில் எதுவும் எழுதப்படவில்லை. நாடற்ற நிலையைக் குறைப்பதற்கான 1961ஆம் ஆண்டு ஐ.நா. சமவாயம் அப்படிப்பட்ட பிள்ளைக்குப் பிறந்த நாடே பிரஜாவுரிமை தர வேண்டும் என்கிறது. இலங்கை அதில் இன்னும் கையெழுத்திடவில்லை. ஒரு முழுச் சமூகத்தையும் நாடற்றதாக்கிய நாடு இது. அந்தச் சமூகத்தின் வாக்கில் பாராளுமன்றம் போகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது அத்தகைய பிள்ளைக்கான ஒரு பிரிவை. அது வரும்வரை, பிள்ளை பிறந்த 42 நாட்களுக்குள் பதிவாளரிடம் போகும்போது தாயின் பெயரை எழுத்தெழுத்தாக வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். சரியென்றால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள்.