ஜெர்சியில் யார் பெயரோ, அவர்கள் கொடுக்கட்டும்

போன வாரம் முல்லை நகர் கிரவுண்டில் காலை ஃபுட்பால் பிராக்டிஸ் முடிந்ததும், ரைட் விங் ஆடும் பையன் போனை நீட்டினான். "அண்ணா, அமெரிக்காவுல காலேஜே பசங்களுக்குத் துட்டு குடுக்குதாமே, மெய்யாலுமா?"

உண்மைதான். அங்கே பல காலம், ஸ்காலர்ஷிப்புக்கு மேல் மாணவன் எதுவும் வாங்கக் கூடாது என்று வைத்திருந்தார்கள். டிவி பணம் கோடி கோடியாக வந்தது. கோச் சம்பளத்துக்கும் ஸ்டேடியத்துக்கும் போனது, ஆடினவன் கைக்கு வரவில்லை. 2021-இல்தான் தன் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம் என்று விட்டார்கள். வீரர்கள் போட்ட வழக்கில் 2025 ஜூனில் கோர்ட் ஏற்றுக்கொண்ட சமரசத்துக்குப் பிறகு, ஒரு கல்லூரி ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டாலர் வரை வீரர்களுக்கு நேரடியாகக் கொடுக்கலாம். அதுபோக, முன்பு ஆடினவர்களுக்கு 280 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

அவன் கேட்டதற்குக் காரணம் இருந்தது. பிளஸ் டூ முடித்திருக்கிறான். ஊருக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரி டீமுக்குக் கூப்பிட்டிருக்கிறது. ஃபீஸ், ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் இலவசம். வீட்டில் ஒரே சந்தோஷம். நானும் அப்படி ஒரு சீட்டில் படித்தவன் என்பதால் எனக்கு மட்டும் வயிற்றைப் பிசைந்தது.

எங்கள் காலேஜில் வெளி மேட்சுக்குப் போனால் பேட்டா என்று 150 ரூபாய் கையில் வைப்பார்கள். ஸ்டாம்ப் ஒட்டிய வவுச்சரில் கையெழுத்து கேட்பார்கள். தொகை எழுதும் இடம் காலியாக இருக்கும். வரிசையில் நின்று எல்லோரும் போட்டோம்.

இரண்டாம் வருஷம், இன்டர் காலேஜ் செமி ஃபைனல். பந்தை வெட்டித் திரும்பினேன். பூட்ஸின் ஸ்டட் மண்ணில் மாட்டி பாதம் அங்கேயே நின்றுவிட்டது, உடம்பு மட்டும் திரும்பியது. முட்டிக்குள் 'டப்' என்று ஒரு சத்தம். என்னை மார்க் பண்ணிய பையன் அதைக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான். லிகமென்ட் போயிருந்தது. அரசு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அப்புறம் ஏழு மாதம் பிசியோ, முட்டிக்கு பிரேஸ், போக வர ஆட்டோ. அம்மாவின் இரண்டு வளையல் அடகுக்குப் போனது. ரசீதுகளைக் காலேஜ் ஆபீசில் நீட்டினேன். "விளையாட்டுன்னா அடிபடறது சகஜம் தம்பி." அடுத்த வருஷம் டீம் லிஸ்டில் என் பெயர் இல்லை. ஃபீஸ் கட்டச் சொல்லி நோட்டீஸ் மட்டும் வந்தது.

அரசாங்கம் கொடுக்கட்டுமே என்பார்கள். கொடுக்கத்தான் செய்கிறது. மத்திய அரசின் கேலோ இந்தியா விளையாட்டுத் திட்டத்தில் தேர்வானால் மாதம் 10,000 ரூபாய் கைச்செலவுக்கு வரும். அரசு வேலையில் 3 சதவீதம் ஒதுக்கீடு இருக்கிறது. நம்ம புதுவண்ணாரப்பேட்டை காசிமா 2024-இல் கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கியபோது 1 கோடி கொடுத்தார்கள். வடசென்னையே நிமிர்ந்து நின்றது. ஆனால் இதெல்லாம் மேலே ஏறி வந்தவர்களுக்கு. ஏறுகிற வழியில் கால் போனவனை, யாருக்காக ஆடினானோ அவர்கள்தான் பார்க்க வேண்டும்.

இங்கே டிவி பணம் ஏது என்று கேட்டால், சரி, அட்மிஷன் சமயத்தில் கேட்டில் கட்டுகிற பிளெக்ஸில் யார் படம்? கோப்பையோடு நிற்கிற எங்கள் படம். மற்ற பிள்ளைகளின் ஃபீஸ் ரசீதில் 'ஸ்போர்ட்ஸ்' என்று தனியாக ஒரு வரி எங்கள் காலேஜில் இருந்தது. அந்தப் பணம் யாருக்கு?

சனிக்கிழமை பையனோடும் அவன் அம்மாவோடும் அந்தக் கல்லூரிக்கே போனேன். அந்த அக்கா காசிமேட்டில் மீன் விற்பவர். வியாபாரத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தார். ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தேன்: மேட்ச் நாள் பேட்டா, தொகை எழுதின வவுச்சரில். அடிபட்டால் முழுசாகக் குணமாகும்வரை செலவு கல்லூரியுடையது. ஆட முடியாமல் போனாலும் டிகிரி முடியும்வரை ஃபீஸ் கேட்கக் கூடாது.

பி.டி. சார் இரண்டு தரம் படித்தார். "இப்படி யாரும் எழுதிக் கேட்டதில்லையே."

"உங்களுக்கு வேண்டியது அவன் காலுதானே சார்?" என்றார் அக்கா. "அந்தக் காலுக்குத்தான் கேக்குறோம்."

மேனேஜ்மென்டிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்று தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். திங்கட்கிழமை பதில் வரும். அதுவரை பையனின் டி.சி.யும் மார்க் ஷீட்டும் அக்கா வீட்டுப் பீரோவில்தான்.