நூல் கட்டிய கண்ணாடி

கென்யா போய்விட்டு வந்து மூன்று வாரம் ஆகிறது. சபையில் சாட்சி சொல்லப் பத்து நிமிடம் கொடுத்தார்கள். பாதி ஸ்தோத்திரத்திலேயே போய்விட்டது, மீதியில் அழுதுவிட்டேன். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எல்லாம் அம்மாவின் பொருத்தனையில் ஆரம்பித்தது. நான்கு வயதில் எனக்கு டைபாய்டு வந்து பாளையங்கோட்டையில் மூன்று வாரம் கிடந்தேனாம். பிள்ளை பிழைத்தால் ஒரு தடவையாவது இவளை மிஷன் களத்துக்கு அனுப்புகிறேன் ஆண்டவரே என்று அம்மா கட்டிலடியில் முழங்கால் போட்டுச் சொல்லிவிட்டாள். நான் பிழைத்தேன், நர்சிங் படித்தேன், வேலை, கல்யாணம், பிள்ளைகள் என்று ஐம்பது வருடம் ஓடிப்போனது. அம்மாவுக்கு இப்போது 82. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கேக் வெட்டுகிறோமோ இல்லையோ, "பொருத்தனை நிக்கி, பாத்துக்கோ ஏட்டி" என்று கடன்காரன் மாதிரி ஞாபகப்படுத்திவிடுவாள். போன வருடம் ரிட்டயர் ஆனேன், இனிச் சாக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

ஐந்து பேர் கிளம்பினோம். மொம்பாசாவுக்குப் பக்கத்தில் ரபாய், அதைச் சுற்றியுள்ள கிராமங்களில் பத்து நாள். சின்னப் பிள்ளைகளுக்கு வி.பி.எஸ் என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளி, பெரியவர்களுக்குக் கண் பார்த்து வாசிக்கும் கண்ணாடி கொடுப்பது. நானூறு கண்ணாடி, பவர் வாரியாகப் பிரித்து, பழைய நைட்டியில் சுற்றி, இரண்டு பெட்டியில் நானே அடுக்கினேன். கிண்டிக்குப் போய் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டது, மலேரியா மாத்திரை வாங்கியது எல்லாம் சரியாக நடந்தது. நைரோபியில் இறங்கிப் பார்த்தால் ஐந்து பெட்டியில் மூன்று வரவில்லை. கண்ணாடிப் பெட்டி இரண்டும், என் பெட்டியும். என் சொந்தக் கண்ணாடியும் அதற்குள்தான் இருந்தது. கைப்பையில் வைத்துக்கொள்ளத் தெரியாத நர்சு நான். கவுண்டரில் இருந்த பெண் சிரித்துக்கொண்டே "கெஷோ" என்றாள். நாளைக்கு என்று அர்த்தம். நான் கற்ற முதல் சுவாஹிலி வார்த்தை அது. அடுத்த ஏழு நாளும் போனில் அதையேதான் கேட்டேன்.

போதாததற்கு என் ஏ.டி.எம். கார்டு அங்கே வேலை செய்யவில்லை. வெளிநாட்டில் எடுக்க முன்கூட்டியே திறந்துவைக்க வேண்டுமாம், நான் செய்யவில்லை. எங்களோடு வந்த தம்பி ஒருவர் கையில் வைத்திருந்த பணம்தான் ஐந்து பேருக்கும்.

நைரோபியிலிருந்து மொம்பாசாவுக்கு ரயில். ஏறுவதற்கு முன் எல்லோருடைய பெட்டியையும் தரையில் வரிசையாக வைத்து மோப்ப நாயை விடுகிறார்கள். எங்கள் வரிசை சீக்கிரம் முடிந்தது, மோந்து பார்க்க என்ன இருந்தது? சாவோ காட்டில் யானைகள் செம்மண்ணைப் பூசிக்கொண்டு நம் தேரிக்காட்டு நிறத்தில் நின்றன. மற்றவர்கள் போட்டோ எடுத்தார்கள், நான் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு ஆண்டவரோடு சண்டை போட்டுக்கொண்டு வந்தேன். கண்ணாடி கொடுக்கத்தானே அனுப்பினீர், கண்ணாடியை ஏன் அனுப்பவில்லை?

மொம்பாசா ஸ்டேஷனில் இறங்கியதும் ஆளுக்கு ஒரு கையைப் பிடித்து இழுத்தார்கள். டாக்சி, ஹோட்டல், கடற்கரை, கோட்டை, என்ன வேண்டும் சொல்லுங்கள் என்று. ஒருவர் அறிந்தவர் போலப் பேசி, சொன்ன காசுக்கு மேல் இரண்டாயிரம் ஷில்லிங் வாங்கிக்கொண்டு, வேறு ஏதோ ஒரு முக்கில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். நம் ஊர் ஆட்டோக்காரர்களைப் பற்றி நான் பேசியதற்கெல்லாம் அங்கேயே மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

மறுநாள் நியாலியில் கிராஃப் அம்மாவின் கல்லறைக்குப் போனோம். 1844-இல் மிஷனரி யோகான் லுட்விக் கிராஃப் மனைவி ரோசினாவோடு மொம்பாசா வந்தார். இரண்டு மாதம்தான். பிரசவித்த சில நாளில் காய்ச்சலில் அந்த அம்மா போய்விட்டார், பச்சைக் குழந்தையும் பின்னாலேயே போய்விட்டது. கிராஃபும் அப்போது காய்ச்சலில்தான் கிடந்தார். நம் திருநெல்வேலி மிஷனரி ரேனியஸ் ஐயரை 1820-இல் பாளையங்கோட்டைக்கு அனுப்பிய அதே சி.எம்.எஸ். மிஷனரி சங்கம்தான் இவரையும் அனுப்பியது, இருவரும் ஜெர்மனிக்காரர்கள். பிரசவ வார்டில் முப்பது வருடம் நின்றவள் நான், அந்த இடத்தில் எனக்கு ஜெபம் வரவில்லை. ஒரு காய்ச்சல் மாத்திரை, ஒரு பாட்டில் குளுக்கோஸ் என்றே மனது கணக்குப் போட்டது. தொலைந்த பெட்டியைப் பற்றி அன்று முழுவதும் நான் வாய் திறக்கவில்லை.

கிராஃபும், இரண்டு வருடம் கழித்து வந்த இன்னொரு மிஷனரி ரெப்மானும் 1846-இல் ரபாயில் தங்கினார்கள். மஸேராஸில் நெடுஞ்சாலையை விட்டுத் திரும்பினால் தென்னையும் மாவும் முந்திரியுமாக மேட்டில் ஏறுகிறது பாதை. தென்னையில் கள் இறக்குகிறார்கள், பார்த்ததும் சாயர்புரம் பக்கம் வந்துவிட்ட மாதிரி இருந்தது. எங்களைத் தங்கவைத்த வீட்டம்மாவை எல்லோரும் "மாமா" என்றுதான் கூப்பிடுகிறார்கள். அங்கே அம்மாவுக்கு மாமா. எங்கள் தம்பி இரண்டு நாள் திணறிப்போனார்.

கண்ணாடி இல்லை, என்ன செய்வது? ரத்த அழுத்தம் பார்த்தேன், புண்ணுக்கு மருந்து கட்டினேன், யாருக்கு என்ன பவர் என்று சீட்டில் குறித்து மட்டும் வைத்தேன். அந்தச் சீட்டைக்கூடத் தம்பிதான் எழுதினார், எனக்குத்தான் தெரியவில்லையே. நான்காம் நாள் பணம் தீர்ந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அன்று சாயங்கால ஜெபத்தில் அந்த ஊர் உபதேசியார் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருக்க, அவர் சட்டைப்பையில் போன் டிங் டிங் என்று அடித்துக்கொண்டே இருந்தது. ஜெபத்தில் போனை அணைத்து வைக்கத் தெரியாதா என்று எரிச்சல் வந்தது எனக்கு. ஆமென் சொன்ன பிறகு எடுத்துக் காட்டினார். போனிலேயே பணம் அனுப்புகிற எம்-பெசாவில் காசு வந்த சத்தம். ஐம்பது ஷில்லிங், நூறு ஷில்லிங், ஒன்றில் இருபது. விருந்தாளிகளின் சாப்பாட்டுக்கு என்று சபையார் அவரவர் வீட்டிலிருந்து அனுப்பியது. இருபது ஷில்லிங் என்றால் நம் காசுக்குப் பதினைந்து ரூபாய்கூட வராது. அந்த இருபதை அனுப்பிய ஆளின் காலில் நான்தான் காலையில் கட்டுப் போட்டிருந்தேன்.

காலையில் மாமா ம்பாஸியும் மஹம்ரியும் கொண்டுவந்து வைத்தார். ம்பாஸி வேறொன்றுமில்லை, நம் துவரைதான், தேங்காய்ப்பாலில் குழைய வேகவைத்தது. மஹம்ரி ஏலக்காய் மணக்கும் உப்பலான எண்ணெய்ப் பலகாரம். திரும்பும்வரை தினமும் அது வந்தது. ஒரு நாளும் குறையவில்லை, மறுநாளைக்கு என்று மிஞ்சவும் இல்லை. வனாந்தரத்தில் ஆண்டவர் அன்றன்றைக்கு வானத்திலிருந்து கொடுத்த மன்னா என்று சின்ன வயதில் ஞாயிறு பள்ளியில் படித்ததை ஐம்பத்தொன்பது வயதில் சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ரபாய் தூய பவுல் ஆலயம். அங்கிலிக்கன் சபை என்பதால் ஆராதனை முறை நம்முடையது மாதிரியேதான். பாஷை தெரியாவிட்டாலும் இது பாவ அறிக்கை, இது விசுவாசப் பிரமாணம் என்று தெரிந்துவிடுகிறது. கயம்பா என்று நாணல் தட்டையில் விதைகளை அடைத்த ஒரு கருவி, அதைக் குலுக்கிக் குலுக்கிப் பாடுகிறார்கள், உட்கார்ந்திருக்கவே முடியாது. பாட்டு முடிந்ததும் போதகர் திடீரென்று என்னைக் கூப்பிட்டு, உங்கள் பாஷையில் 23-ஆம் சங்கீதம் வாசியுங்கள் என்றார்.

மனப்பாடமாகத் தெரிந்த சங்கீதம்தான். முன்னால் போய் நின்றதும் ஒரு வார்த்தை வரவில்லை. கடன் வாங்கின வேதாகமம், பொடி எழுத்து. கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தேன், கிட்டே கொண்டுவந்து பார்த்தேன், எறும்பு ஊர்வது போல இருந்தது. முந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அப்போது இரண்டாம் வரிசையில் ஒரு பாட்டி எழுந்தார். எண்பது இருக்கும், காலைத் தேய்த்துத் தேய்த்து வந்தார். தன் முகத்திலிருந்த கண்ணாடியைக் கழற்றி, சேலை மாதிரிச் சுற்றியிருந்த லேசோ துணியில் இரண்டு பக்கமும் துடைத்து, என் காதில் அவரே மாட்டிவிட்டார். ஒரு பக்கக் கம்பி உடைந்து கறுப்பு நூலால் இறுக்கிக் கட்டியிருந்தது. நூல் முடிச்சு நெற்றிப்பொட்டில் குத்தியது. எழுத்து பளிச்சென்று தெரிந்தது.

கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்.

கண்ணாடி கொடுக்க நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தாண்டி வந்தவள் ஒரு பாட்டியின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிற்கிறேன். அடுத்த வரி எப்படி வாசித்தேன் என்று எனக்குத் தெரியாது. நான் முடித்ததும் அந்தப் பாட்டி கண்ணாடியும் இல்லாமல் புத்தகமும் இல்லாமல் சுவாஹிலியில் ஆரம்பித்தார், "ப்வானா ண்டியே ம்சுங்காஜி வாங்கு," சபை முழுவதும் சேர்ந்துகொண்டது, "சிதாபுங்குகிவா நா கிடு." ஐயோ ஆண்டவரே, ரயிலில் உம்மிடம் என்னவெல்லாம் பேசினேன்!

ஆலயத்துக்குப் பக்கத்தில் ரெப்மான் இருந்த வீடு இன்னும் நிற்கிறது. 1848-இல் கிளிமஞ்சாரோ உச்சியில் பனி பார்த்தேன் என்று அவர் எழுதியதற்கு, அந்த வெயிலில் பனியா என்று லண்டனில் கேலி செய்தார்களாம். 29 வருடம் ஊருக்கே போகாமல் இருந்து, கடைசியில் பார்வை போய்த்தான் திரும்பினார். அந்த வீட்டுத் திண்ணையில்தான் ஆராதனை முடிந்து பாட்டியோடு உட்கார்ந்தேன். பாஷை கிடையாது, சும்மா கையைப் பிடித்துக்கொண்டு.

எட்டாம் நாள் பெட்டிகள் வந்தன. இரண்டு நாளில் நானூறும் தீர்ந்தது, சீட்டு தயாராக இருந்ததால்தான் அது முடிந்தது. பெட்டி வராத அந்த நாளெல்லாம் வீண் என்று நினைத்தேனே. முதல் ஆளாகப் பாட்டியைத்தான் உட்காரவைத்தேன். இரண்டரை பவர். போட்டுக்கொண்டு தன் உள்ளங்கையை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பழைய கண்ணாடியை என் கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டார். ஊருக்கு எடுத்துப் போகச் சொல்கிறார் என்றார் உபதேசியார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் அதைத்தான் முதலில் கொடுத்தேன். கதையெல்லாம் கேட்டாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கண்ணாடியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "நூல் நஞ்சி போச்சே ஏட்டி, அந்த ஊசிநூல் டப்பாவ எடு" என்றாள்.