ஒரே கதையை நான்கு வாரம் சொன்ன ஆண்டு

எங்கள் ஞாயிறு பள்ளிக்குப் புரொஜெக்டர் வந்த நாளில் எல்லோரையும்விட அதிகம் மகிழ்ந்தவள் நான்தான். வாரம் முழுவதும் கைப்பேசியில் காணொளி பார்க்கும் பிள்ளைகளிடம் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் அட்டைப் படங்களைத் தூக்கிக் காட்டினால் யார் பார்ப்பார்கள் என்று ஆசிரியர்களின் ஆயத்தக் கூட்டங்களில் ஓராண்டுக்கும் மேலாகப் பேசிப் பேசி, அந்தக் கருவியைக் கேட்டு வாங்கியவளும் நானே. முதல் வாரம், வேதாகமத்தில் மீன் விழுங்கிய யோனாவின் கதையை எட்டு நிமிட அசைவூட்டப் படமாகத் திரையிட்டோம். முப்பது பிள்ளைகளும் ஆடாமல் அசையாமல் பார்த்தார்கள். பின்வரிசையில் எப்போதும் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டிருக்கும் இரட்டையர்கள்கூட வாய் திறக்கவில்லை. சிறுவர் ஊழியத்தில் 17 ஆண்டுகள் இருந்தும் அப்படியொரு அமைதியை நான் கண்டதில்லை.

அடுத்த வாரம் கதையைத் திருப்பிக் கேட்டேன். மீனின் கண் பச்சை நிறம் என்று ஐந்து பேர் சொன்னார்கள். மீன் யோனாவைக் கக்கியதை ஒரு சிறுவன் சத்தத்தோடு நடித்தே காட்டினான். யோனா எந்த நகரத்துக்குப் போக மறுத்தார், ஏன் மறுத்தார் என்ற கேள்விகளுக்கு ஒருவரிடமும் விடை இல்லை. அவர்கள் அமைதியாக இருந்ததைக் கவனித்ததாக எண்ணிக்கொண்டது என் பிழை. அதற்குப் பிறகும் நான்கைந்து மாதங்கள் திரையை விடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கேட்டு வாங்கிய பொருளைச் சும்மா வைப்பதற்கு மனம் வரவில்லை.

பிள்ளைகளின் காணொளிப் பழக்கத்தைப் பற்றி அத்தனை கூட்டங்களில் பேசிய நாங்கள், அவர்களிடம் அதைப் பற்றி ஒருமுறையும் கேட்டதில்லை. வகுப்பு முடிந்து பெற்றோருக்காகக் காத்திருக்கும் பத்து நிமிடங்களில் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன பார்க்கிறீர்கள், அதில் எது பிடிக்கும் என்று கேட்கத் தொடங்கினேன். கண்டிக்கப் போகிறேன் என்றுதான் முதலில் நினைத்தார்கள். அது இல்லை என்று தெரிந்தவுடன் அவர்களை நிறுத்த முடியவில்லை. வேகமும் நிறமும் வெடிச்சத்தமும்தான் அவர்களை இழுக்கின்றன என்ற என் எண்ணம் மூன்று வாரங்களில் கலைந்துபோனது. ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி, பொம்மை வீட்டுக்கு அறைகலன் செய்யும் ஒரே காணொளியைப் பல நாள்களாகத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தாள். எந்த இடத்தில் பசை சிந்தும் என்பதுவரை அவளுக்கு மனப்பாடம். ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன், வேறொருவர் கணினி விளையாட்டு ஆடுவதை மணிக்கணக்கில் பார்ப்பவன். நீயே ஆடலாமே என்றேன். "அவர் எங்க தோத்துப்போறார், அப்புறம் என்ன பண்றார்னு பாக்கத்தான் அக்கா" என்றான். தோற்றவர் என்ன செய்கிறார் என்று பார்க்க இவ்வளவு நேரம் காத்திருக்கும் பிள்ளைக்கு, மோசேயையும் பேதுருவையும் தோல்வியின் வாடையே இல்லாத வீரர்களாக வரைந்து காட்டிக்கொண்டிருந்தோம்.

திரும்பப் பார்ப்பது குறித்து நான் தேடிப் படித்தவற்றுள் ஒன்று எங்கள் ஆயத்தக் கூட்டத்தையே மாற்றியது. 1996-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘ப்ளூஸ் க்ளூஸ்’ என்ற சிறுவர் நிகழ்ச்சியில், ஒரே பகுதியைத் திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாளும் ஒளிபரப்பினார்கள். நடத்துபவர் கேள்வி கேட்டுவிட்டு, பிள்ளை விடை சொல்வதற்காகச் சில நொடிகள் பேசாமல் நிற்பார். அந்நிகழ்ச்சியை வைத்துச் செய்யப்பட்ட ஆய்வில், திரும்பப் பார்த்த பிள்ளைகளுக்குக் கதை நன்றாக விளங்கியதோடு, திரையைப் பார்த்து அவர்கள் உரக்க விடை சொல்வதும் கூடியது என்று கண்டார்கள். அடுத்து வரப்போவது தெரிந்திருக்கும்போதுதான் குழந்தைக்கு முந்திக்கொண்டு பேசத் துணிவு வருகிறது. நாங்களோ ஆண்டுக்கு 52 பாடம், வாரம் ஒரு கதை, வாரம் ஒரு மனப்பாட வசனம் என்று ஓடிக்கொண்டிருந்தோம். பிள்ளைகள் ஒரு கதையோடு பழகுவதற்குள் அடுத்த கதை வந்து நின்றது.

ஒரு கதைக்கு நான்கு வாரம் என்று நான் சொன்னபோது எதிர்ப்பு வந்தது. பாடப்புத்தகம் பாதியில் நிற்கும், தேர்வில் என்ன கேட்பது, பெற்றோர் என்ன நினைப்பார்கள் என்றார்கள். மூன்றும் நியாயமான கேள்விகளே. கடைசிக் கேள்விக்கு இன்றும் என்னிடம் முழுமையான விடை இல்லை. இருந்தாலும் எட்டு, ஒன்பது வயதினர் வகுப்பில் மட்டும் தாவீது, கோலியாத்து கதையைக் கொண்டு தொடங்கினோம்.

கோலியாத்தின் உயரம் ஆறு முழமும் ஒரு சாணும் என்று 1 சாமுவேல் 17-ஆம் அதிகாரம் சொல்கிறது. முழம் ஒன்றுக்கு ஏறக்குறைய 45 சென்டிமீட்டர் என்று கொண்டால் அது மூன்று மீட்டருக்குச் சற்றே குறைவு. முதல் வாரம் ஏணி போட்டு அந்த உயரத்தில் சுவரில் சுண்ணக்கட்டியால் கோடு கிழித்தோம். கூரையைத் தொடாத குறைதான். இரண்டாம் வாரம் ஒரு சிறுமி, தன் முழங்கையிலிருந்து விரல்நுனி வரை வைத்து அளந்து பார்த்துவிட்டுக் கணக்குத் தப்பு என்றாள். அவள் முழத்தில் ஆறு வைத்து, மேலே அவள் சாணையும் சேர்த்தால், கோலியாத்து எங்கள் போதகர் ஐயாவைவிடக் கொஞ்சம்தான் உயரம். வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிட்டது. யார் முழத்தில் அளந்திருப்பார்கள், ராஜாவின் முழமா, தாவீதின் முழமா, பயந்துபோன படைவீரர்களின் முழமா என்று அவர்கள் வாதாடிய வாதம் எந்தப் பாடத்திட்டத்திலும் கிடையாது. மூன்றாம் வாரம் ஆசிரியை கதை சொல்லும்போது கூழாங்கற்கள் நான்கு என்று தவறிச் சொல்ல, அறையே எழுந்து நின்று ஐந்து என்றது. வேண்டுமென்றே தவறினாரா என்று நான் பிறகு கேட்டதற்கு அவர் சிரித்தாரே தவிர விடை சொல்லவில்லை.

இனி சொல்லப்போவதுதான் எனக்கு மிகவும் சங்கடம் தந்த கண்டுபிடிப்பு. யூடியூபில் காணொளி ஏற்றுபவர்களுக்கு, பார்ப்பவர்கள் எந்த நொடியில் விலகிப் போகிறார்கள் என்பதைக் காட்டும் கோட்டுப்படம் ஒன்று கிடைக்கிறது. பிள்ளைகளின் கவனத்தை இப்படி அளப்பது இணையத்தோடு வந்த வழக்கம் என்று நினைத்திருந்தேன். 1969-இல் தொடங்கிய ‘செசமி ஸ்ட்ரீட்’ என்ற அமெரிக்கச் சிறுவர் நிகழ்ச்சிக்காக எட்வர்ட் பால்மர் என்ற ஆய்வாளர் இணையத்துக்கு முன்பே ஒரு முறையைக் கையாண்டிருக்கிறார். தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் 7.5 விநாடிக்கு ஒருமுறை மாறும் வண்ணப் படங்களை ஓடவிட்டு, குழந்தையின் கண் எப்போது அந்தப் பக்கம் திரும்புகிறது என்று குறித்துக்கொண்டார். குழந்தை திரும்பிய இடம் நிகழ்ச்சி தொய்ந்த இடம். எங்கள் வகுப்பில் வண்ணப் படம் தேவைப்படவில்லை, சன்னல் இருந்தது.

உதவிக்கு வரும் கல்லூரி மாணவி ஒருத்தியிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்துப் பின்னால் உட்காரச் சொன்னேன். பிள்ளைகள் சன்னலையும் கதவையும் பார்க்கத் தொடங்கும் நேரத்தையும், அப்போது ஆசிரியர் சொல்லிக்கொண்டிருந்த வாக்கியத்தையும் குறிக்க வேண்டும். ஆசிரியருக்கு மதிப்பெண் போடக் கூடாது. என் வகுப்பையும் சேர்த்து ஆறு வாரம் குறித்தாள். கதை நீளமான இடங்களிலோ கடினமான பெயர்கள் வரும் இடங்களிலோ கண்கள் விலகியிருக்கும் என்று எதிர்பார்த்தேன். நோட்டுப் புத்தகத்தில் ஏறக்குறைய எல்லா வாரமும் ஒரே வாக்கியம்தான் எழுதப்பட்டிருந்தது: "இந்தக் கதையிலிருந்து நாம் கற்றுக்கொள்வது என்னவென்றால்." அதைச் சொன்ன அடுத்த நொடி காலணி தேடும் ஓசை கேட்கிறதாம். எங்கள் பயிற்சி முகாம்களில் வகுப்பின் உச்சம் என்று எங்களுக்குக் கற்பித்ததும், நான் மற்றவர்களுக்குக் கற்பித்ததும் அந்த வாக்கியத்தைத்தான்.

அந்த நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு பல நாள் யோசித்தேன். பிள்ளைகளுக்குப் பிடிக்காததை விட்டுவிடு என்று முடிவு செய்வது எளிது. பிடித்ததை மட்டுமே தொடர்ந்து ஊட்டுவதுதான் அந்தக் காணொளித் தளங்களின் வேலை என்பதால் அந்த முடிவில் எனக்கு நம்பிக்கையில்லை. வேதத்தைப் புரட்டியபோதுதான் ஒன்று தெரிந்தது. லூக்கா 15-இல் வரும் கெட்ட குமாரன் உவமையில், தம்பிக்கு விருந்து நடக்கும் வீட்டுக்குள் மூத்த மகன் போனானா இல்லையா என்று எழுதப்படவில்லை. யோனாவின் புத்தகமோ, வலக்கைக்கும் இடக்கைக்கும் வேறுபாடு அறியாத 1,20,000 பேருக்கு மேல் வாழும் நகரத்துக்காக நான் இரங்க வேண்டாமோ என்று கடவுள் கேட்கும் கேள்வியோடு நின்றுவிடுகிறது. நாங்கள்தான் அந்தக் கேள்விக்கு ஒரு முற்றுப்புள்ளியை ஒட்டிக் கொடுத்துவந்தோம். இப்போது கதை முடிந்ததும் ஆசிரியர் ஒரு கேள்வி கேட்டுவிட்டு, மனத்துக்குள் இருபது எண்ணும் வரை வாய் திறக்கக் கூடாது என்று வைத்திருக்கிறோம். ஆசிரியர்களுக்கு அந்த இருபது எண்ணிக்கை மிகக் கடினமாக இருக்கிறது. எனக்கும்தான், பன்னிரண்டில் பேசிவிடுகிறேன்.

பிள்ளைகள் சொன்னவற்றுள் இன்னொன்று, அவர்கள் தலைப்பைத் தேடிப் போவதில்லை, ஆளைத் தேடிப் போகிறார்கள் என்பது. "அந்த அண்ணா என்ன போட்டாலும் பாப்பேன்" என்பார்கள். திரையில் தோன்றுபவரோடு பார்ப்பவருக்கு உண்டாகும் இந்த ஒருவழி நட்பைப் பற்றி 1956-லேயே டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இருவர் எழுதியிருக்கிறார்கள். அதை ஊழியமாகவே செய்தவர், அமெரிக்கத் தொலைக்காட்சியில் சிறுவர் நிகழ்ச்சி நடத்திய பிரெட் ராஜர்ஸ். 1963-இல் பிரஸ்பிட்டேரியன் சபையில் குருவாக அபிஷேகம் பெற்ற அவருக்கு, தொலைக்காட்சி வழியாகப் பிள்ளைகளுக்கு ஊழியம் செய்வதே ஒப்படைக்கப்பட்ட பணி. 1968 முதல் 2001 வரை நாடெங்கும் ஒளிபரப்பான நிகழ்ச்சியில், அவசரமில்லாமல், எதிரில் ஒரே ஒரு குழந்தை இருப்பதுபோல் பேசினார். எங்கள் பள்ளியிலோ ஆசிரியர்களின் வசதிக்காகச் சுழற்சி முறை இருந்தது. நான்கு வாரத்துக்கு நான்கு ஆசிரியர்கள். பிள்ளைகளுக்கு மாதம் முழுவதும் புதிய முகம். சுழற்சியை நிறுத்தி ஒரு வகுப்புக்கு ஓராண்டு ஒரே ஆசிரியர் என்று வைத்ததில் இருவர் ஊழியத்தை விட்டு விலகினார்கள். அந்த இழப்பு இன்னும் ஈடாகவில்லை. ஆனால் மூன்று வாரம் வராத ஒரு சிறுவனை ஆசிரியர் நான்காம் வாரம் பெயர் சொல்லி வரவேற்று, உன் தம்பிக்குக் காய்ச்சல் விட்டதா என்று கேட்டபோது அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் பின்தொடரும் எந்தக் காணொளிக்காரருக்கும் அவன் வராதது தெரியாது.

காணொளியை நாங்களும் தயாரித்தோம். விடுமுறை வேதாகமப் பள்ளியின் செயல்பாடல்களைப் படம் பிடித்து ஏற்றுவோம். பெற்றோரின் ஒப்புதலின்றிச் சிறுவர்களின் தகவல்களைத் திரட்டியதற்காக 2019-இல் கூகுளும் யூடியூபும் அமெரிக்காவில் 17 கோடி டாலர் அபராதம் செலுத்தியபின், 2020 ஜனவரி முதல் சிறுவர்களுக்கான காணொளிகளை ஏற்றுபவர்கள் அப்படியென்று அறிவிக்க வேண்டியதாயிற்று. அவற்றுக்குக் கருத்துப் பகுதியும் மூடப்பட்டது. பாராட்டுகள் நின்றதில் எனக்கு முதலில் எரிச்சல்தான். எங்கள் தளத்தில் இருக்கும் பிள்ளைகளின் முகங்களுக்கு அவர்களுடைய பெற்றோரிடம் நாங்களும் எழுத்தில் ஒப்புதல் வாங்கியதில்லை என்பது பிறகே உறைத்தது. அதற்குள் வேறொன்றும் நடந்திருந்தது. ஜெபத்தின்போது ஒரு சிறுமி ஒரு கண்ணை மட்டும் திறந்து, கேமரா தன் பக்கம் இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. அன்றோடு வகுப்பறைக்குள் படம் பிடிப்பதை நிறுத்திவிட்டோம்.

புரொஜெக்டரை இப்போது வரைபடம் காட்ட மட்டும் பயன்படுத்துகிறோம். யோனா போக மறுத்த நினிவே எங்கே, அவர் ஓடிப்போக நினைத்த தர்ஷீசு இருந்ததாகக் கருதப்படும் மேற்குத் திசை எங்கே என்று காட்டினால், யோனா எவ்வளவு பெரிய எதிர்த்திசையில் கப்பல் ஏறினார் என்பது பேசாமலே விளங்கிவிடுகிறது.

சென்ற மாதம் யோனாவின் கதையை மறுபடி எடுத்தோம். நான்காம் வாரம் நானே கடைசி அதிகாரத்தை வாசித்து, கடவுளின் கேள்வியோடு நிறுத்தி, இருபது எண்ணத் தொடங்கினேன். பதினேழில் ஒரு சிறுவன் கேட்டான்.

"யோனா என்ன பதில் சொன்னார், அக்கா?"

"எழுதலையேப்பா."

"அப்போ அடுத்த பாகம் எப்போ வரும்?"

பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. என் கையிலிருந்த வேதாகமத்தை வாங்கி அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தான். மீகா என்று அடுத்த புத்தகம் தொடங்கியிருந்தது. மறுபடி முந்தைய பக்கத்துக்கே வந்து, கடைசி வசனத்தின் கீழ் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். வெளியே அவன் அம்மா வந்து காத்திருந்தார். நான் போய் இன்னும் ஐந்து நிமிடம் ஆகும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.