ஒரு சைபர்

2018-ல் நான் ஒரு தமிழ் நாளிதழின் மாவட்ட நிருபர். அரசின் குடிமராமத்துத் திட்டத்தில் தூர்வாரியதாகச் சொன்ன ஏரி ஒன்றைப் பற்றி எழுதினேன். தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கிய எம்-புக் நகல், அதாவது செய்த வேலையின் அளவைப் பதிந்து வைக்கும் புத்தகத்தின் நகல், கையில் இருந்தது. அள்ளியதாகக் காட்டிய மண் 8,500 கன மீட்டர். ஏரிக்குள் இறங்கிப் பார்த்தால் கரையோரம் சுரண்டியதோடு சரி. செய்தி அச்சில் வந்தபோது அது 85,000 ஆகியிருந்தது. சைபரைக் கூட்டியது நான்தான். செய்தியைச் சரிபார்க்கும் டெஸ்க்கிலும் யாரும் அதைப் பிடிக்கவில்லை.

மறுநாள் ஏரி வேலையின் ஒப்பந்தக்காரருக்கு வேண்டியவர்கள் பேருந்து நிலையத்தில் மைக் கட்டி, “பொய்ப் பத்திரிகை” என்று முழங்கி, நாலு பிரதியைக் கொளுத்தினார்கள். ஒப்பந்தக்காரரிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. இதுவே அமைச்சரைப் பற்றிய செய்தி என்றால் அரசு வக்கீலே நேராக அவதூறு வழக்குப் போடலாம், செலவு அரசுடையது. அப்படிப் பத்திரிகை ஆசிரியர்கள் மேல் குவிந்திருந்த வழக்குகள் பலவற்றைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது 2020 மே மாதத்தில்தான். ஆனால் என்னைத் தூங்கவிடாதது நோட்டீஸ் இல்லை. டீக்கடையில் ஒரு பெரியவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, “உங்களுக்கும் யாராச்சும் காசு குடுத்தாங்களா தம்பி?” என்று சாதாரணமாகக் கேட்டார்.

உள்பக்க மூலையில் இரண்டு வரி வருத்தம் போட்டுவிடலாம் என்று ஆசிரியரிடம் சொன்னேன். எங்கள் தொழிலில் திருத்தம் என்றால் வரி விளம்பரத்துக்குப் பக்கத்தில்தான் வரும், பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டும். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. “தப்பு எங்க வந்துச்சோ அங்கயே போடு. அந்த எம்-புக் பக்கத்தையும் போட்டோவா வை” என்றார். அதே பக்கம், அதே இடம், அதே எழுத்தளவு. அன்று காலை டீக்கடைப் பக்கமே போகவில்லை நான்.

‘தப்பை ஒத்துக்கொண்டார்கள்’ என்று பேப்பரைக் கொளுத்தியவர்கள் போஸ்டர் அடித்தார்கள். அதுவே எங்களுக்கு விளம்பரமாகிவிட்டது. போஸ்டரைப் பார்த்தவர்கள் பேப்பரைத் தேடி வாங்கினார்கள். அதில் 8,500 இருந்தது. அந்த 8,500 எங்கே போச்சு என்று சிலர் ஏரிக்கே போய்ப் பார்த்தார்கள். மேடையில் பேசியவர்கள் அதைப் பற்றி அப்புறம் வாயே திறக்கவில்லை.

பத்து நாள் கழித்து ஒரு போன். அதே பெரியவர். நம்பரை எங்கே பிடித்தாரோ.

“தம்பி, கீழ மதகு கட்டுறாங்க. வந்து பாருங்க. வரும்போது டேப் கொண்டாங்க, ஒரு முனைய நான் புடிச்சுக்கிறேன்.”