ஜெர்மானியம் வழிக்கு வந்தது: ஹெண்ட்ரிக்ஸ் ஃபஸ், இதுவரை

கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் ‘ஃபஸ் ஃபேஸ்’ பெடலை ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் போட்டு நானே கட்டிக்கொண்டிருக்கிறேன். நான் தேடிய ஒலி வந்துவிட்டது! கிட்டாரின் வால்யூம் குமிழை 10லிருந்து 6க்கு இறக்கினால் கரகரப்பு முழுக்க வடிந்து, ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் கணீரென்று கேட்கிறது. திரும்ப ஏற்றினால் பழைய உறுமல். காலால் எதையும் மிதிக்க வேண்டாம், சுண்டு விரல் போதும். அறுபதுகளின் ராக் கிட்டார் மேதை ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் ஒலியில் எனக்கு உயிர் இதுதான். ஃபஸ்ஸை விட, ஃபஸ்ஸை அடக்கி ஆள்கிற அந்தக் கை.

ஃபஸ் ஃபேஸ் சர்க்யூட்டை இங்கே விளக்கப் போவதில்லை. இரண்டு டிரான்சிஸ்டர், நாலு ரெசிஸ்டர், மூன்று கெபாசிட்டர், பெடல் கட்டுபவர்களுக்கு மனப்பாடம். உயிரை வாங்கியது ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் பொறுக்குவதுதான். ஏசி128 என்ற ஜெர்மானியம் டிரான்சிஸ்டரை வாங்குபவர்கள் மல்டிமீட்டரின் டிரான்சிஸ்டர் துளையை நம்பாதீர்கள். தானாகக் கசியும் மின்னோட்டத்தையும் சேர்த்துக் கெயின் (பெருக்கும் திறன்) என்று காட்டிவிடும். 9 வோல்ட் கொடுத்து, பேஸ் என்ற காலை எதிலும் இணைக்காமல் தொங்கவிட்டு, கலெக்டர் காலில் உள்ள 2.4 கே (கிலோ ஓம்) ரெசிஸ்டரின் குறுக்கே வோல்ட்டை அளந்தால் வருவது வெறும் கசிவு. பிறகு 2.2 மெகா ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் பேஸுக்குக் கொடுத்து அளந்து, முதல் எண்ணைக் கழித்து, நூறால் பெருக்குங்கள். அதுதான் ஏறக்குறைய நிஜக் கெயின். சர்க்யூட்டின் முதல் டிரான்சிஸ்டருக்கு 70, 80, இரண்டாவதற்கு 110, 120 என்று ஜோடி சேர்ந்தால் போதும்.

டிரான்சிஸ்டரை விரலால் பிடிக்கவே கூடாது. பிடித்துச் சொருகினால் மீட்டரில் எண் ஏறிக்கொண்டே போகும், அது விரல் சூடு. இடுக்கியால் சொருகிவிட்டு, எண் நிற்கும் வரை பொறுமையாக உட்கார வேண்டும். 10 டிகிரி ஏறினால் கசிவு கிட்டத்தட்ட இரட்டிப்பாகிவிடுகிறது. லண்டன் குளிரில் பிறந்த சர்க்யூட் இது, சென்னை வெயிலில் மொட்டை மாடி அறையில் என்ன செய்யும்? காலையில் இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டரை 4.5 வோல்ட்டில் நிறுத்தினால், மத்தியானம் அங்கே நிற்பதில்லை. அங்கே 8.2 கே ரெசிஸ்டர் இருக்கிற இடத்தில் ட்ரிம்பாட் (திருகி மாற்றக்கூடிய ரெசிஸ்டர்) போட்டபிறகுதான் நிம்மதி. ஹெண்ட்ரிக்ஸே பின்னாளில், சூட்டுக்கு இவ்வளவு அசையாத சிலிக்கன் டிரான்சிஸ்டர் ஃபஸ் ஃபேஸுக்குப் போனார். ஏன் என்று இப்போது நன்றாகப் புரிகிறது.

வால்யூம் குமிழ் விஷயத்துக்கு வருகிறேன். ஃபஸ் ஃபேஸின் உள்ளீட்டுத் தடை மிகக் குறைவு. அதனால் பிக்கப் (கம்பி அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்), குமிழ், முதல் டிரான்சிஸ்டர் மூன்றும் ஒரே சர்க்யூட் போல நடந்துகொள்கின்றன. நடுவில் பஃபர் (இரண்டு பக்கத்தையும் பிரித்து வைக்கும் சர்க்யூட்) உள்ள பெடல் ஒன்று வந்தால் கதை முடிந்தது. கிட்டாருக்கு அடுத்து நேராக ஃபஸ்தான் இருக்க வேண்டும்.

1966 செப்டம்பரில், அவருடைய மேலாளரான சாஸ் சாண்ட்லர் அழைத்து ஹெண்ட்ரிக்ஸ் லண்டனில் இறங்கினார். அதுவரை அமெரிக்காவில் லிட்டில் ரிச்சர்டு, ஐஸ்லி பிரதர்ஸ் போன்றவர்களுக்குப் பின்னால் நின்று வாசித்தவர். அதே வருஷம் அதே ஊரில்தான் ஆர்பிட்டர் கம்பெனி ஃபஸ் ஃபேஸை விற்க ஆரம்பித்தது. 1970 செப்டம்பர் 18 அன்று, 27 வயதில் ஹெண்ட்ரிக்ஸ் இறந்துவிட்டார். நடுவே நாலே வருஷம்! ஃபீட்பேக்கை, அதாவது ஸ்பீக்கர் ஒலி கிட்டாருக்கே திரும்பி ஊளையிடுவதை, பலரும் பழுதாக நினைத்த காலம் அது. அவர் அதைச் சுரமாகவே வாசித்தார். 1969இல் வுட்ஸ்டாக் இசை விழாவில் அமெரிக்க தேசிய கீதத்துக்குள் குண்டு விழும் ஓசையைக் கொண்டுவந்ததைக் கேட்டுவிட்டு, எந்த கிட்டார்காரனாலும் முன்பு போல் வாசிக்க முடியாது.

சரக்கு பற்றி ஒன்று. சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைவீதியான ரிச்சி தெருவில் ரெசிஸ்டர், பாட் எல்லாம் சல்லிசாகக் கிடைத்தன. ஜெர்மானியத்தை ஆன்லைனில் வாங்கினேன். ஒரு விற்பனையாளர் அனுப்பிய பொட்டலம் முழுக்கப் பெயர் மாற்றி அச்சடித்த சிலிக்கன். அநியாயம். மல்டிமீட்டரின் டயோடு சோதனையில் 0.6 வோல்ட் காட்டினால் உடனே திருப்பி அனுப்புங்கள். ஜெர்மானியம் 0.2, 0.3 பக்கம்தான் நிற்கும்.

பெட்டிக்கு இன்னும் துளை போடவில்லை, எல்லாம் பிரெட்போர்டில்தான் (பற்றவைக்காமல் சொருகிப் பார்க்கும் பலகை). அதற்குள் மனசு ஆக்டேவியாவுக்குப் போய்விட்டது. ‘பர்ப்பிள் ஹேஸ்’ சோலோவில் ஒரு ஸ்தாயி மேலே இன்னொரு சுரம் கூடவே கத்துமே, ரோஜர் மேயர் செய்து கொடுத்த அந்தக் கருவி. அதற்குச் சின்ன ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவின் டிரைவர் டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றி முயலப் போகிறேன். யாராவது ஏற்கெனவே செய்திருந்தால், எந்த ரேடியோவிலிருந்து எடுத்தீர்கள் என்று சொல்லுங்கள்.