எங்கள் கலைக்கூடத்துக்கு 80ஜி வாங்கிய கதை

"கமிஷன் எவ்வளவு தம்பி?" கருப்பூர் கலம்காரிப் பெரியவர் கேட்ட முதல் கேள்வி இதுதான். 2022-இல் கும்பகோணத்தில் ஒரு பழைய ஓட்டு வீட்டை வாடகைக்குப் பிடித்திருந்தோம். கலம்காரி, தஞ்சாவூர் ஓவியம், சுவாமிமலை வார்ப்புச் சிற்பம் எல்லாம் வைக்கத் திட்டம். பத்து சதவீதம் என்றேன். "அதுல எப்படி வாடகை குடுப்பீங்க?" நன்கொடை வாங்குவோம் என்றேன். கொடுப்பவருக்கு வருமான வரிச் சலுகை கிடைக்க எங்களுக்கு 80ஜி பதிவு வேண்டும். அந்த ஒரு சொல்லுக்காக ஒன்றரை வருஷம் அலைந்தேன்.

சங்கமாகப் பதிய ஏழு பேர் வேண்டும். நாங்கள் ஐந்து பேர். எனவே அறக்கட்டளை.

பத்திர வரைவை நானே எழுதினேன். ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன்; தமிழ் கொஞ்சம் பொங்கிவிட்டது. "தெய்வீகக் கலைகளைப் போற்றி வளர்த்தல்" என்ற வரியைத்தான் ஆடிட்டர் முதலில் அடித்தார். "80ஜி வேணும்ல சார்? இது மத அறக்கட்டளையான்னு கேப்பாங்க." வெண்ணெய்க் கிருஷ்ணனையும் நடராஜரையும் வேறு எப்படிச் சொல்வது? "பாரம்பரியக் கலைப்பொருள்னு சொல்லுங்க." தேரில் தொங்கவிடும் ஓவியத் துணிக்குழலான தொம்பையை எழுதியே வாழ்ந்த பெரியவரிடம் இதைச் சொன்னேன். "எழுதிக்குங்க, சாமி கோவிச்சுக்காது" என்றார்.

கலைத்தால் சொத்து இதே நோக்கமுள்ள வேறொரு அறக்கட்டளைக்குப் போகும், பத்திரத்தைத் திரும்பப் பெற முடியாது என்ற இரண்டு பிரிவுகளையும் ஆடிட்டர் சேர்த்தார். இவை இல்லாமல் பதிந்துவிட்டு, பிறகு திருத்தல் பத்திரம் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

முகவரிக்கு வீட்டுக்காரரின் சம்மதக் கடிதம் கேட்டபோதுதான் நின்றுபோனது. கையெழுத்துப் போட்டால் வீடு போய்விடும் என்று யாரோ அவரைப் பயமுறுத்தியிருந்தார்கள். மூன்று வாரம், பத்துப் பன்னிரண்டு டிகிரி காபி. சார்பதிவாளர் அலுவலக வேலை ஒரே காலையில் முடிந்தது. பிறகு அறக்கட்டளை பெயரில் பான் அட்டை, வங்கிக் கணக்கு.

வருமான வரித் தளத்தில் 10ஏ படிவத்தை இரண்டு முறை போட வேண்டியிருந்தது, அறக்கட்டளையின் வருமானத்துக்கு வரி விலக்கு தரும் 12ஏ-க்கு ஒன்று, 80ஜி-க்கு ஒன்று. ஒரு மாதத்துக்குள் உத்தரவு வந்தது. மூன்று வருஷத்துக்குச் செல்லும் என்று அதில் இருந்ததால் நிம்மதியாக இருந்துவிட்டேன். ஆனால் அது தற்காலிகப் பதிவுதான். நடவடிக்கை தொடங்கி ஆறு மாதத்துக்குள் 10ஏபி படிவம் போட்டு முறையான பதிவு கேட்க வேண்டியிருந்தது. ஆடிட்டர் ஞாபகப்படுத்தியபோது பதினெட்டு நாள்தான் மிச்சம்.

பெரியவரின் கமிஷன் கேள்வி இங்கே மறுபடி வந்தது. பொதுநலன் என்ற பிரிவில் வரும் அறக்கட்டளைக்கு வியாபார வரவு மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கலைப்பொருள்களைப் பாதுகாப்பது அந்த வரம்பில்லாத தனிப் பிரிவு. நாங்கள் அதுதானே என்று ஆடிட்டரிடம் கேட்டேன். "பழசைக் காப்பாத்துறது சரி. உயிரோட இருக்கிறவர் நேத்து வரைஞ்சதை வித்துக் குடுக்கிறதை அதுல சேர்ப்பாங்கன்னு நம்பி உக்காராதீங்க." எங்கள் கணக்கில் விற்ற பணம் முழுவதும் உள்ளே வந்து, பிறகு கலைஞருக்குப் போயிருந்தது. அப்படியே விட்டால் ஒரு நடராஜர் விற்றாலே வரம்பு உடைந்துவிடும்.

அன்றிலிருந்து வாங்குகிறவர் கலைஞருக்கே நேராகப் பணம் கொடுக்கிறார். கமிஷன் மட்டும் தனியாக எங்களுக்கு வருகிறது. பழைய விற்பனைகளை நோட்டில் பெயர், தொகை, தேதியோடு பிரித்து எழுதிக் கொடுத்தோம். துறையிலிருந்து இரண்டு முறை விளக்கம் கேட்டார்கள், நோட்டின் நகலையே அனுப்பினோம். ஐந்தாவது மாதம் உத்தரவு வந்தது.

முதல் நன்கொடையாளர் சந்தோஷத்தில் ஐயாயிரம் ரூபாயை ரொக்கமாக நீட்டினார். இரண்டாயிரத்துக்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் 80ஜி சலுகை கிடைத்திருக்காது. திருப்பிக் கொடுத்து ஜிபேயில் போடச் சொன்னோம். பெரியவரிடம் ஜிபே இல்லை. பேத்தியின் க்யூஆர் அட்டையைத் தொம்பைக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறார். அது கோணலாக ஒட்டியிருக்கிறது என்று வாரம் ஒருமுறை சரிசெய்கிறார்.